போஹீமியரின் மூக்கும் அவர் காலத்து ஒலியும்

'இல் போயெமோ' படம் தொடங்கும்போதே கதாநாயகனின் வாழ்க்கை முடியும் தறுவாயில் இருக்கிறது. இடம் ரோம், ஆண்டு 1781. முகத்தை முகமூடியால் மறைத்துக்கொண்டு ஒரு மனிதர். அந்த முகமூடிக்குப் பின்னால் மூக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நேப்பிள்ஸ், வெனிஸ், தூரின் என்று இத்தாலியின் பெரிய ஓபரா அரங்குகள் இவரைப் போட்டிபோட்டு அழைத்தன. மேடையில் நின்ற பாடகிகள் இவர் மெட்டுக்களால் புகழ் பெற்றார்கள். பதினான்கு வயது மொஸார்ட் இவரிடம் பாடம் கற்றுக்கொண்டான். இன்று இவர் பெயர் இசைக் கல்லூரி மாணவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

அவர் யோசெஃப் மிஸ்லிவெச்செக். இந்தச் செக் பெயர் இத்தாலியர்களின் நாக்கில் புரளவில்லை. அதனால் அவர்கள் அவரை 'போஹீமியாக்காரர்' என்றே அழைத்தார்கள். படத்தின் பெயரும் அதுதான். பெத்ர் வாட்ஸ்லாவ் இயக்கிய இந்தப் படம் 2022இல் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் வெளியானது. செக் நாட்டின் சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. ஆஸ்கருக்கும் அந்நாடு இதைத்தான் அனுப்பியது. உரையாடல் பெரும்பகுதியும் இத்தாலிய மொழி. மிஸ்லிவெச்செக்காக நடித்தவர் வொய்த்யெக் டிக்.

இந்தப் படம் இரண்டு கேள்விகளை எனக்குள் எழுப்பியது. அந்த மனிதரின் மூக்குக்கு உண்மையில் என்ன நேர்ந்தது? படத்தில் கேட்கும் இசை, இன்றைய கச்சேரி மண்டபங்களில் கேட்கும் மேற்கத்திய இசையிலிருந்து ஏன் இவ்வளவு வேறாக இருக்கிறது? முதல் கேள்விக்கு விடை மருத்துவத்தில் இருக்கிறது, இரண்டாவதற்கு இயற்பியலில். இரண்டாவது கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஆனாலும் மூக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

மிஸ்லிவெச்செக் 1737 மார்ச்சில் பிராக் நகரில் பிறந்தார். அப்பா வசதியான மாவு ஆலைக்காரர். கூடவே பிறந்த இரட்டைத் தம்பி யாகிம். அண்ணன் தம்பி இருவருமே ஆலைத் தொழிலை முறைப்படி கற்றார்கள். 1761இல் யோசெஃப் ஆலைத் தொழிலில் தேர்ந்த ஆசான் என்ற தகுதியையே பெற்றுவிட்டார். இரண்டே ஆண்டுகளில் ஆலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஓபரா எழுதக் கற்றுக்கொள்ள வெனிஸுக்குப் புறப்பட்டார். அப்போது வயது இருபத்தாறு. 1767 ஜனவரியில் நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கில் அவருடைய 'பெல்லெரோஃபோன்தே' அரங்கேறியது. பாடியவர் காதெரீனா காப்ரியெல்லி. ஐரோப்பாவே கொண்டாடிய குரல். அன்று தொடங்கிய ஓட்டத்தில் சுமார் இருபத்தாறு ஓபராக்கள் எழுதினார்.

பிறகு நோய். 1777 அக்டோபரில் மியூனிக் மருத்துவமனையில் கிடந்த அவரை, இருபத்தொரு வயது மொஸார்ட் போய்ப் பார்த்தான். தந்தைக்கு அவன் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. முகத்தை மட்டும் கழித்துவிட்டால் பழைய மிஸ்லிவெச்செக்கேதான், அதே உயிர்த்துடிப்பும் அதே நெருப்பும் என்ற பொருளில் எழுதுகிறான். மூக்கை ஓர் அறுவை மருத்துவர் சுட்டு எரித்துவிட்டார் என்றும் கோபத்தோடு சொல்கிறான். வண்டி விபத்துக்குப் பிறகு எலும்பில் வந்த புற்று என்று நோயாளி சொல்லிக்கொண்டார். மொஸார்ட்டின் அப்பா லியோபோல்ட் அதை நம்பவில்லை; நடத்தை கெட்டதால் வந்த வினை என்று கடுமையாகப் பதில் எழுதினார். நம் ஊரில் மேகநோய் என்று சொல்லப்பட்ட சிபிலிஸின் கடைசிக் கட்டம் அது என்றே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள்.

அந்த நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் திருகு வடிவம் கொண்டது. 'டிரெபொனிமா பாலிடம்' என்று பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தடிமன் அதிலும் ஐம்பதில் ஒரு பங்கு. சாதாரண நுண்ணோக்கியின் ஒளியில் கண்ணுக்கே படாத அளவு மெல்லியது. 1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹோஃப்மானும் கண்டுபிடிக்கும் வரை இப்படி ஓர் உயிர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நம் குடலில் வாழும் ஈ கோலை தோதான சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகும். இதற்கோ ஒன்று இரண்டாக முப்பது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அதன் மேற்பரப்பில் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளக்கூடிய புரதங்கள் மிகக் குறைவு. அதனால் உடலுக்குள் வருடக்கணக்கில் பதுங்கியிருக்க முடிகிறது. தனக்கு வேண்டிய பல பொருள்களைத் தானே தயாரிக்கத் தெரியாமல், எல்லாவற்றையும் மனித உடலிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனாலேயே ஆய்வகத்தில் இதைத் தொடர்ந்து வளர்க்கும் வழி 2018 வரை விஞ்ஞானிகளுக்குப் பிடிபடவில்லை.

வியப்பு இதற்கு மேலும் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் மூக்கெலும்பும் மேலண்ணமும் கரையும் இடத்தில் இந்தக் கிருமிகளைத் தேடினால் அதிகம் அகப்படாது. அங்கே அழிவைச் செய்வது பெரும்பாலும் உடலே. மிஞ்சியிருக்கும் ஒரு சில கிருமிகளைச் சுற்றி எதிர்ப்பு அணுக்கள் கோட்டை கட்டுகின்றன. அந்த முற்றுகையின் நடுவில் அகப்பட்ட திசுவுக்கு இரத்தம் போய்ச் சேராமல் அது மடிகிறது. இரு நாசிகளுக்கும் நடுவே நிற்கும் மெல்லிய எலும்பும் குருத்தெலும்பும்தான் மூக்கின் தூண். அது போனதும் மூக்கின் பாலம் உள்ளே சரிந்துவிடும்.

அன்றைய மருத்துவரிடம் இருந்தவை பாதரசமும் பழுக்கக் காய்ச்சிய இரும்பும். பாதரசம் பல்லை ஆட்டம் காண வைக்கும், வாயிலிருந்து எச்சில் ஓயாமல் வடியும். அழுகும் பகுதியைச் சுட்டுவிட்டால் பரவாது என்று நினைத்துத்தான் அந்த மியூனிக் மருத்துவர் சுட்டிருப்பார். அடித்தளமே கரைந்துகொண்டிருந்த மூக்கில் அது என்ன செய்யும்? பென்சிலினால் இந்த நோய் குணமாகும் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி காட்டியது 1943இல். மிஸ்லிவெச்செக் இறந்து 162 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூக்குப் போன பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1778இல் அதே சான் கார்லோவில் 'லொலிம்பியாதே' ஓபராவைத் தந்து வெற்றியும் பெற்றார். நோய் அவருடைய முகத்தை எடுத்துக்கொண்டது, காதைத் தொடவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து இன்னொரு பெரிய செக் இசைமேதை ஸ்மெதனா 1874இல் இரண்டு காதுகளிலும் கேட்கும் திறனை இழந்தார். மிஸ்லிவெச்செக்குக்கு அந்தக் கொடுமை நேரவில்லை.

இனி ஒலிக்கு வருகிறேன். படத்தின் இசையை வாசித்திருப்பது வாட்ஸ்லாவ் லுக்ஸ் நடத்தும் 'கொலேகியம் 1704' என்ற பிராக் குழு. பழைய காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கும் குழு இது. லுக்ஸே ஹார்ன் வாசித்துப் பழகியவர். அந்த வாத்தியத்திலிருந்து தொடங்கினால் மற்றது எல்லாம் எளிதில் விளங்கும்.

மிஸ்லிவெச்செக் காலத்து ஹார்னில் திறப்பான்கள் கிடையாது, துளைகள் கிடையாது, விரலுக்கு அதில் வேலையே இல்லை. நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட பித்தளைக் குழாய். அதை வட்டமாகச் சுருட்டி, ஒரு முனையில் ஊதுவாயும் மறுமுனையில் அகன்ற வாயும் வைத்திருப்பார்கள். அவ்வளவுதான். அதில் சுரங்கள் எப்படி வரும்? தம்புராவின் மந்தர சட்ஜத்தை மீட்டிவிட்டுக் கூர்ந்து கேட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் காற்றில் மிதப்பது நமக்குத் தெரியும். ஒரு தந்தி அதிரும்போது முழுதாகவும் அதிர்கிறது. கூடவே பாதியாக, மூன்றாக, நான்காக, ஐந்தாகப் பிரிந்தும் அதிர்கிறது. ஐந்தாகப் பிரிந்த அதிர்வுதான் அந்தக் காந்தாரம். ஹார்ன் குழாய்க்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான். தம்புராவில் எல்லா மேற்சுரங்களும் ஒரே நேரத்தில் கலந்து வரும். ஹார்ன்காரரோ உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அவற்றில் ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்.

இந்த ஏணியின் படிகள் சமமானவை அல்ல. அடிச்சுரத்தை ச என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது படி மேல் ச, மூன்றாவது ப, நான்காவது மீண்டும் ச, ஐந்தாவது க, ஆறாவது ப. கீழே இடைவெளிகள் இவ்வளவு பெரியவை. அங்கே வேட்டைக்காரர்களின் அழைப்பொலி வாசிக்கலாம், மெட்டு வாசிக்க முடியாது. எட்டாவது படிக்கு மேலேதான் ச, ரி, க என்று சுரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அதனால் மெட்டு வேண்டுமென்றால் மிக உயரத்தில் வாசிக்க வேண்டும். உதடு களைத்துப்போகும் உயரம் அது. அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பதினோராவது படி சுத்த மத்தியமமும் அல்ல, பிரதி மத்தியமமும் அல்ல. இரண்டுக்கும் நட்டநடுவே நிற்கிறது. ஏழாவது படியின் நிஷாதமோ வயலினின் நிஷாதத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுபவர் ஹாம்பெல். பிராகில் பிறந்து, டிரெஸ்டன் அரசவையில் வாசித்தவர். 1750ஐ ஒட்டிய ஆண்டுகள். ஹார்னின் அகன்ற வாய்க்குள் வலக்கையை நுழைத்தார். கை உள்ளே போகப் போக வாய் குறுகுகிறது, உள்ளிருக்கும் காற்றுத் தூண் நீண்டதைப்போல் நடந்துகொள்கிறது, சுரம் இறங்குகிறது. இப்படி அரைச் சுரம் வரை இறக்கிவிடலாம். பிடிபடாத மத்தியமம் பிடிபட்டது, ஏணியில் இல்லாத சுரங்களும் கிடைத்தன. ஆனால் கையால் மூடிய சுரம் மங்கலாகவும் மூடாத சுரம் பளிச்சென்றும் கேட்கும். ஒரே மெட்டுக்குள் வெளிச்சமும் நிழலும் மாறிமாறி விழும். திறப்பான் வைத்த இன்றைய ஹார்னில் எல்லாச் சுரமும் ஒரே நிறம். திறப்பான் வந்தது 1810களில்தான். 'பெல்லெரோஃபோன்தே'யில் பாடகியின் குரலோடு தனி ஹார்ன் ஒன்று உரையாடும் ஒரு பாட்டு உண்டு. அதை இன்றைய ஹார்னில் வாசித்தால் சுரம் தவறாது, ஆனால் அந்த வெளிச்சமும் நிழலும் போய்விடும். போஹீமியா அந்த நாளில் ஐரோப்பாவுக்கே ஹார்ன்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்த நாடு. மிஸ்லிவெச்செக் அந்த ஒலியைச் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வயலின்களின் கதை வேறு. அன்று தந்தி என்றால் ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்பு. எஃகு, குடல் நரம்பைப்போல ஆறு மடங்கு அடர்த்தியானது. அதனால் ஒரே சுருதிக்கு எஃகுத் தந்தி மெல்லியதாக இருந்தால் போதும், குடல் நரம்பு தடிப்பாக இருக்க வேண்டும். தடித்த, நார் நிறைந்த நரம்பு அதிரும்போது தனக்குள்ளேயே ஆற்றலை விழுங்கிக்கொள்ளும். முதலில் மடிவது உயர்ந்த மேற்சுரங்கள். எஃகின் கூர்மையும் மினுக்கும் அங்கே இல்லாதது அதனால்தான். அதற்குப் பதில் வில் படும் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு சின்னச் சொரசொரப்பு, ஓர் உச்சரிப்பு இருக்கிறது. படத்தின் ஓபரா காட்சிகளில் அந்தச் சொரசொரப்பைத் தெளிவாகக் கேட்கலாம். குடல் நரம்பு ஈரத்தை உறிஞ்சும் என்பது இன்னொரு தொல்லை. நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகளின் சூடும் கூட்டத்தின் மூச்சும் நிறைந்த அரங்கில் சுருதி ஒரே இடத்தில் நிற்காது. அங்கங்களுக்கு இடையே மீண்டும் மீண்டும் சுருதி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சுருதி என்பதும் அன்று ஊருக்கு ஊர் வேறு. இன்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்டிருக்கும் வினாடிக்கு 440 அதிர்வு என்ற அளவு, 1939இல் லண்டனில் கூடிப் பேசி முடிவு செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ரோமின் சுருதி தாழ்ந்தது, வெனிஸின் சுருதி உயர்ந்தது. இது நமக்கு எப்படித் தெரியும்? பழைய தேவாலயங்களில் ஆர்கன் குழாய்கள் அப்படியே நிற்கின்றன. குழாயின் நீளம் தெரிந்தால், காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 343 மீட்டர் என்பதைக்கொண்டு, அது எழுப்பும் சுரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அருங்காட்சியகங்களில் இருக்கும் மரக் குழல்களும் சாட்சி சொல்கின்றன. வில்லைப் பிடிக்கும் முறைக்குக்கூட ஆதாரம் உண்டு. 1756இல் வயலின் வாசிப்புக்கு ஒரு முழுப் பாடநூல் வெளிவந்தது. எழுதியவர், மிஸ்லிவெச்செக்கைக் கடுமையாகப் பேசிய அதே லியோபோல்ட் மொஸார்ட்.

குரல்தான் எல்லாவற்றிலும் ஆச்சரியம். ஒலிபெருக்கி இல்லாத ஆறடுக்கு அரங்கில், ஒரு வாத்தியக் குழுவைத் தாண்டி, ஒற்றைத் தொண்டை கடைசி அடுக்குவரை எப்படிப் போய்ச் சேர்ந்தது? வாத்தியக் குழுவின் ஒலியாற்றல் பெரும்பாலும் 500 அதிர்வுக்குக் கீழேயே குவிந்திருக்கும். மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற ஆண் பாடகர் தொண்டையின் அடிப்பகுதியைக் குறுக்கி, 3000 அதிர்வை ஒட்டி ஆற்றலைத் திரட்டுகிறார். வாத்தியங்கள் அதிகம் நடமாடாத அந்த இடைவெளி வழியே குரல் தப்பித்து வெளியேறுகிறது. ஸ்வீடன் விஞ்ஞானி யோஹான் சுண்ட்பெரி 1970களில் இதை அளந்து விளக்கினார். உச்சத்தில் பாடும் பெண்களுக்கு வழி வேறு. சுரம் ஏற ஏற அவர்கள் வாயை அகலத் திறந்து, வாய்க்குள் இருக்கும் காற்றின் இயல்பான அதிர்வைத் தாம் பாடும் சுரத்தோடு பொருத்திக்கொள்கிறார்கள். ஒன்றும் ஒன்றும் சேர்ந்து ஒலி பெருகும். ஆனால் 'இ'யும் 'உ'வும் அந்த உயரத்தில் தம் அடையாளத்தை இழந்து 'ஆ'வை நோக்கிச் சரியும். அக்காலத்து ஓபரா எழுதியவர்கள் இந்த இயற்பியலைப் படித்தவர்கள் அல்லர், ஆனாலும் பாடகியின் தொண்டையை அறிந்தவர்கள். வேகமான சுரக் கொத்துகளைப் பெரும்பாலும் 'ஆ' வரும் அசையில்தான் வைத்தார்கள்.

அரங்கும் அதற்குத் துணை நின்றது. சான் கார்லோ திறக்கப்பட்டது 1737 நவம்பரில். மிஸ்லிவெச்செக் பிறந்த அதே ஆண்டு. குதிரை லாட வடிவம், அடுக்கடுக்காய் மாடங்கள், உள்ளே துணியும் மனிதர்களும். இவை எல்லாம் ஒலியை உறிஞ்சும். பெரிய தேவாலயத்தில் ஒரு சுரம் பல வினாடிகள் சுழன்றுகொண்டே இருக்கும். இத்தகைய அரங்கில் ஒன்றேகால் வினாடியை ஒட்டி அடங்கிவிடும். வினாடிக்கு எட்டு, பத்து சுரங்கள் கொட்டும் காப்ரியெல்லியின் பாட்டு ஒன்றோடொன்று குழம்பாமல் கேட்டதற்கு இது ஒரு காரணம். அவர் பாடிய அந்தக் கட்டடம் 1816இல் தீக்கிரையானது. இப்போது நிற்பது அதன்பின் எழுப்பியது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், இயக்குநர் எடுத்த ஒரு முடிவின் அருமை புரியும். ஓபரா காட்சிகளின் இசையைப் பெருமளவு படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாக வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பின்னணிப் பாடலுக்கு உதடசைப்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். உயர்ந்த சுரத்துக்குப் போகும் முன் மார்பு விரியும். கழுத்து நரம்பு புடைக்கும். வில்லும் குரலும் ஒரே காற்றில் நடுங்கும். ஓபராவைத் திரையில் காட்டிய படங்கள் பலவற்றில் பாட்டு வரும்போது கதை நின்றுவிடும். இதில் பாட்டுக்குள்ளேயே கதை நகர்கிறது. வாட்ஸ்லாவ் இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, லுக்ஸ் குழுவினர் 'லொலிம்பியாதே'யை மீண்டும் மேடையேற்றியதை வைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தவர். அந்த நீண்ட பழக்கம் படத்தில் பலன் தந்திருக்கிறது.

சிறுவன் மொஸார்ட் வரும் காட்சியும் நினைவில் நிற்கிறது. மூத்தவர் எழுதிய இசையைக் கேட்டுவிட்டு, விசைப்பலகையின் முன் உட்கார்ந்து, அதையே தன் விருப்பப்படி வளர்த்துக்கொண்டு போகிறான். காட்சி கற்பனை கலந்தது. ஆனால் இருவரும் 1770இல் போலோஞாவில் சந்தித்தது உண்மை. மொஸார்ட் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும் உண்மை. 'ரிதென்தே லா கால்மா' என்ற சிறு பாடல், மேற்கத்திய முறையில் குரல் பயிலும் மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்பது. மொஸார்ட்டின் படைப்புகள் பட்டியலில் 152ஆம் எண்ணில் அது இருக்கிறது, அட்டையிலும் பெரும்பாலும் அவர் பெயர்தான். மெட்டு மிஸ்லிவெச்செக்குடையது. மூக்கை இழந்த பின் மிலானின் லா ஸ்கலாவுக்காக அவர் எழுதி, அரங்கில் எடுபடாமல் போன 'ஆர்மிதா' ஓபராவில் வரும் பாட்டை மொஸார்ட் குரலுக்கும் பியானோவுக்கும் ஏற்றவாறு மாற்றி அமைத்தார்.